ஒட்டாத பிளாஸ்டிக்கை ஒன்றாக்கும் வித்தை

ஸவூதி அரேபியாவிலுள்ள ஜெட்டா விமான நிலையத்தில், ஹஜ் யாத்திரைக்காக ஆண்டுதோறும் வந்திறங்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் பாலைவனத்து வெயிலில் வாடாமல் காத்திருக்க வேண்டுமென்று, 1981ஆம் ஆண்டில் ஒரு கூரையை எழுப்பி முடித்தார்கள். பக்கத்துக்கு 45 மீட்டர் கொண்ட சதுரக் கூடாரங்கள் 210, எஃகுத் தூண்களையும் வடங்களையும் பற்றித் தொங்கி, ஏறக்குறைய 42 ஹெக்டேர் நிலத்துக்கு நிழல் பரப்புகின்றன. டாக்காவில் பிறந்து அமெரிக்காவில் கீர்த்தி பெற்ற பொறியியல் மேதை ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அதன் அமைப்பில் பங்கு கொண்டவர். கட்டடக் கலை வல்லவர்கள் அந்தக் கூரையின் அழகைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் விசேஷமாகப் படுவது வேறொன்று. கூடாரத் துணி, கண்ணாடி இழையால் நெய்து, அதன்மேல் டெஃப்லான் பூசியது. தறியிலிருந்து இறங்கும் துணியின் அகலம் சில மீட்டருக்கு மேல் போவதில்லையாதலால், ஒரு கூடாரத்தை உருவாக்கப் பல கீற்றுகளை ஓரத்தோடு ஓரம் இணைத்தே தீரவேண்டும். ஊசி கொண்டு தைத்தால் கண்ணாடி இழை அறுந்து துணி பலமிழக்கும். துளை வழியே மழையும் இறங்கும். பசை தடவி ஒட்டலாமென்றால், பசை என்பதையே அண்டவிடாத வஸ்து என்று உலகப் பிரசித்தி பெற்றதல்லவா டெஃப்லான்? எதுவும் ஒட்டாத பதார்த்தத்தைப் புயலையும் மணற்காற்றையும் தாங்கும்படி ஒன்றோடொன்று இணைத்தது எவ்விதம் என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், பிளாஸ்டிக்குகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றியே பல ருசிகரமான செய்திகள் கிடைக்கின்றன.

டெஃப்லான் என்பது வியாபாரப் பெயர். பாலிடெட்ராஃப்ளோரோஎதிலீன் என்பது அதன் ரசாயன நாமம், சுருக்கமாகப் பி.டி.எஃப்.இ. என்பார்கள். 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் சோதனைச்சாலையில் ராய் பிளங்கெட் என்ற இளம் ரசாயனி, குளிர்சாதனத்துக்கான வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கையில், வாயு நிரம்பியிருக்க வேண்டிய உருளையின் உள்ளே வெள்ளைத் தூள் படிந்திருக்கக் கண்டார் என்ற வரலாறு பலரும் அறிந்ததே. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, அணுகுண்டுக்கென யுரேனியத்தைப் பிரித்தெடுத்த ஆலைகளில், உலோகங்கள் பலவற்றை அரித்துத் தின்னும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற பொல்லாத வாயுவைத் தாங்கிநிற்கும் அடைப்புகளுக்கு அந்த வெள்ளைத் தூளே உதவிற்று.

அதன் மூலக்கூறு, கார்பன் அணுக்கள் கோத்த ஒரு நெடுஞ்சங்கிலி. ஒவ்வொரு கார்பன் அணுவின்மீதும் இரண்டு ஃப்ளோரின் அணுக்கள் அமர்ந்து, சங்கிலி முழுவதையும் இடைவெளியின்றிப் போர்த்தியிருக்கின்றன. கார்பனுக்கும் ஃப்ளோரினுக்கும் உள்ள பிணைப்பு, கரிம ரசாயனம் அறிந்த ஒற்றைப் பிணைப்புகளுள் தலைசிறந்த வலிமை வாய்ந்தது. அதனால்தான் அமிலமும் காரமும் அதை அசைப்பதில்லை. மேலும், ஃப்ளோரின் அணு தன் எலெக்ட்ரான்களை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், அயல் மூலக்கூறு எதுவும் அருகில் வந்தாலும் அதோடு உறவாடுவதற்கு அதனிடம் மிச்சமொன்றும் இல்லை. நீர்த்துளி அதன்மேல் பரவாமல் உருண்டு நிற்பதும், பசைகள் அதை நனைக்க மாட்டாமல் விலகுவதும் இதன் விளைவே.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், இதைக் குழப்பிக்கொண்டே பலரும் எழுதுகிறார்கள். டெஃப்லானை இணைப்பதில் இரண்டு இடையூறுகள் உண்டு. அயலாரை ஒட்டவிடாத மேற்பரப்பு ஒன்று; உருக்கினாலும் ஓடாத உள்ளியல்பு மற்றொன்று. முதலாவது பசைக்கு இடையூறு. இரண்டாவது வெல்டிங்குக்கு இடையூறு. முதலாவதன் காரணம் ஃப்ளோரின். இரண்டாவதன் காரணமோ சங்கிலியின் நீளம். ஒட்டாத தன்மையே வெல்டிங்கையும் தடுக்கிறது என்று நினைப்பது தவறு. டெஃப்லானின் மூலக்கூறு அயலாரை வெறுத்தாலும் தன் இனத்தை வெறுக்கவில்லை.

பிளாஸ்டிக்கில் வெல்டிங் என்பது என்ன? இரும்பில் நடப்பதுபோல் இரண்டு ஓரங்கள் உருகி ஒரு குட்டையாகக் கலந்து உறைவது என்றே மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் அங்கே பிணைப்பை உண்டாக்குவது கலப்பு மட்டுமன்று, சிக்கல். உருகிய பிளாஸ்டிக்கில் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி, நாம் பேச்சுவழக்கில் இடியாப்பச் சிக்கல் என்கிறோமே, அந்நிலையில் கிடக்கின்றன. இரண்டு துண்டுகளை உருக்கிச் சேர்த்துப் பிடித்தால், இந்தப் பக்கத்துச் சங்கிலிகளின் நுனிகள் எல்லையைக் கடந்து அந்தப் பக்கத்தினுள் நுழைந்து, அங்குள்ளவற்றோடு சிக்கிக்கொள்ள வேண்டும். சிக்கல் போதிய ஆழத்துக்கு ஏற்பட்ட பிறகு குளிரவிட்டால், எல்லை என்று ஒன்று இருந்த சுவடே மறைந்துவிடும்.

சிக்குண்ட சங்கிலி பக்கவாட்டில் நகர வழியில்லை; தன் உடலின் நீளவாக்கிலேயே, புற்றுக்குள் நெளியும் பாம்பைப்போல், முன்னும் பின்னும் ஊர்ந்துதான் வெளியேற முடியும் என்ற சித்தாந்தத்தை 1971இல் வகுத்தவர் பியேர் ஜில் த ஜென் என்ற பிரெஞ்சு பௌதிக நிபுணர்; 1991இல் நோபல் பரிசு பெற்றவர். ஊர்ந்து வெளியேற ஆகும் காலம், சங்கிலியின் நீளத்தோடு சமவிகிதத்தில் ஏறுவதன்று. நீளம் இரட்டித்தால் காலம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சாதாரண பிளாஸ்டிக்குகளில் சங்கிலிகள் மிதமான நீளமுள்ளவையாதலால், சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடுகிறது. டெஃப்லானிலோ, ஒரு சங்கிலியில் கார்பன் அணுக்கள் பதினாயிரக் கணக்கிலும், சில வகைகளில் லட்சத்தைத் தாண்டியும் இருக்கின்றன. 327 டிகிரி சென்டிகிரேடில் அது உருகுகிறது என்று புத்தகங்கள் சொல்வது சரிதான்; ஆனால் உருகியதற்கு அடையாளம், பால்வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோல் தெளிவு பெறுவது மாத்திரமே. அது வழியாது, சொட்டாது, வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். 380 டிகிரியில்கூட அதன் பிசுபிசுப்பு தேனினுடையதைவிட ஏறக்குறைய நூறு கோடி மடங்கு அதிகம். ஆகவேதான் ஏனைய பிளாஸ்டிக்குகளைப்போல் அதை உருக்கி அச்சில் பாய்ச்சி வார்க்க முடிவதில்லை. உலோகத் தூள்களைச் செய்வதுபோலத் தூளை அழுத்திக் கட்டியாக்கி, சூளையில் சுட்டுத்தான் உருவம் கொடுக்கிறார்கள்.

இத்தகைய வஸ்துவின் இரண்டு தகடுகளை ஒன்றன்மேலொன்று வைத்து, வெந்நிலை இரும்புச் சட்டங்களுக்கிடையே அழுத்தி, 370 அல்லது 380 டிகிரியில் பொறுமையோடு வெகுநேரம் நிறுத்திவைத்து, அழுத்தத்தைத் தளர்த்தாமலே ஆறவிட்டால் இணைந்துவிடுவது உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய காலமும் அழுத்தமும் ஆலை முதலாளிக்குக் கட்டுபடியாகாதவை. சூட்டை இன்னும் ஏற்றி அவசரப்படுத்தலாமென்றால், 400 டிகிரியைத் தாண்டியதும் சங்கிலியே சிதைந்து விஷவாயு கிளம்பத் தொடங்குகிறது. உருகுநிலைக்கும் சிதைவுநிலைக்கும் இடையே கைத்தொழிலாளிக்குக் கிடைக்கும் இடைவெளி வெகு குறுகலானது.

இங்கேதான் மனித சாமர்த்தியம் ஒரு குறுக்குவழியைக் கண்டது. டெஃப்லானுக்கு உறவினர் பலர் உண்டு. 1960 வாக்கில் வெளிவந்த எஃப்.இ.பி. என்பது, டெஃப்லானின் சங்கிலியில் ஆங்காங்கே ஒரு கிளையைச் செருகியும் சங்கிலியைக் குறுக்கியும் செய்தது. 260 டிகிரி வாக்கில் உருகி, கெட்டியாகவேனும் ஓடும். 1970களில் வந்த பி.எஃப்.ஏ., 305 டிகிரி வாக்கில் உருகும். டெஃப்லானுக்கு நிகரான உஷ்ணத்தைத் தாங்கிக்கொண்டே ஓடவும் கூடியது. இவர்களும் ஃப்ளோரின் போர்வை அணிந்தவர்களே. டெஃப்லானுக்கு அயலாரல்லர், தாயாதிகள். ஆகவே இரண்டு டெஃப்லான் தகடுகளுக்கிடையே ஒரு மெல்லிய எஃப்.இ.பி. அல்லது பி.எஃப்.ஏ. படலத்தை வைத்து அழுத்திச் சூடேற்றினால், நடுவிலுள்ள படலம் உருகி, மேற்பரப்பின் மேடுபள்ளங்களில் பாய்ந்து நிரம்பி, அதன் குறுகிய சங்கிலிகள் இருபுறத்து நெடுஞ்சங்கிலிகளினூடே விரைந்து ஊர்ந்து சிக்கிக்கொள்கின்றன. நெடுஞ்சங்கிலி மெள்ள அசைந்து கொடுத்தால் போதும். பிரயாணத்தின் பெரும்பகுதியைக் குட்டைச் சங்கிலிகள் செய்துவிடுகின்றன. கண்ணாடித் துணிக் கூரைகளின் கீற்றுகளை இணைப்பது இவ்வழியிலேயே. ஓரங்களைச் சில அங்குலம் ஒன்றன்மேலொன்று ஏற்றி, இடையில் படலத்தை விரித்து, சூடேறிய சட்டத்தால் அழுத்துகிறார்கள். முறையாகச் செய்த இணைப்பு, துணிக்கு ஏறக்குறைய நிகரான பலத்தோடு நிற்கும். இந்தத் தொழிலில் உள்ள யுக்திகளுள் மிகவும் அழகியது இதுவே என்பது என் அபிப்பிராயம். பகைவனை வெல்வதற்கு அவன் சுற்றத்தாரையே தூதனுப்புகிற ராஜதந்திரம் இதில் இருக்கிறது.

பிற்காலத்தில் வேறொரு வழியும் தோன்றியது. டெஃப்லானைச் செய்யும்போதே, எடையில் 1 சதவிகிதத்துக்கும் குறைவாக ஒரு துணைப்பொருளைச் சேர்த்துவிட்டால், சங்கிலி அவ்வளவு நீளாமலே பலம் பெற்றுவிடுகிறது. உருகிய நிலையில் அதன் பிசுபிசுப்பும் குறைகிறது. இப்படித் திருத்திய டெஃப்லானை, நடுப்படலம் இல்லாமலே நேராக வெல்டிங் செய்யலாம். பெரிய வால்வுகளின் உறைகளும் மென்தகடுகளும் இவ்வகையில் செய்யப்படுகின்றன.

இக்குடும்பத்தில் சுலபமாக ஓடக்கூடிய உறுப்பினர்களுக்கு இத்தனை உபசாரம் தேவையில்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பிரதேசத்தில் 2001இல் திறக்கப்பட்ட ஈடன் தோட்டத்தின் பெருங்குமிழ்களும், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காகக் கட்டிய நீச்சல் மாளிகையின் நீலச் சுவர்களும், இ.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் படலத்தை ஓரங்களில் சூடான சட்டத்தால் ஒட்டித் தலையணைபோல் காற்றடைத்துச் செய்தவை. அதன்மீதும் தூசு ஒட்டாது, பசை ஒட்டாது. ஆனால் 270 டிகிரிக்குச் சற்று முன்னதாகவே உருகி ஓடிவிடுவதால் வெல்டிங் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஒட்டாமையும் வெல்டிங் ஆகாமையும் வெவ்வேறு குணங்கள் என்று மேலே கூறியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ரசாயன ஆலைகளின் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் அதிகமாகப் பயன்படுவது பி.வி.டி.எஃப். இதில் ஒரு கார்பனுக்கு ஃப்ளோரினும் அடுத்ததற்கு ஹைட்ரஜனும் என்று மாறிமாறி அமைந்திருப்பதால், டெஃப்லானின் பிடிவாதம் பாதியாகக் குறைந்து, 170 டிகிரி வாக்கிலேயே உருகுகிறது. பட்டறையில் இதை இணைக்கும் முறையைப் பார்த்தால் தச்சும் கொல்லும் கலந்த ஒரு தொழிலாகத் தோன்றும். தகடுகளின் ஓரத்தைச் சீவி, இரண்டும் சேரும் இடத்தில் சுமார் 60 டிகிரி கோணத்தில் ஒரு பள்ளம் உண்டாக்கி, எண்ணெய்ப்பசை சிறிதுமின்றித் துடைத்து, அதே பிளாஸ்டிக்காலான வெல்டிங் ராடைப் பள்ளத்தில் ஊன்றி, ஹாட் ஏர் கன்னிலிருந்து 350 முதல் 400 டிகிரி வரை சூடேறிய காற்றை ராடின்மீதும் பள்ளத்தின்மீதும் ஒருங்கே செலுத்திக்கொண்டு, கையின் அழுத்தம் மாறாமல் முன்னேற வேண்டும். ராடு முழுவதும் உருகி வழிவதில்லை. அதன் மேல்தோலும் பள்ளத்தின் மேல்தோலுமே உருகிக் கலக்கின்றன. இரு ஓரத்திலும் மெல்லிய அலைபோன்ற ஒழுங்கான விளிம்பு எழுந்தால் வேலை நன்றாயிற்று என்று அர்த்தம். விளிம்பே இல்லையென்றால் சூடு போதவில்லை. பழுப்பேறினால் சூடு மிஞ்சிவிட்டது. நுனியில் இருக்கும் உஷ்ணமானியைவிட, அனுபவசாலியின் கண்ணே இங்கே நம்பத்தக்க கருவி. காற்று ஈரமும் எண்ணெயும் கலவாததாக இருக்க வேண்டும். சில இடங்களில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனையே செலுத்துகிறார்கள். இவ்வாறு கைவேகத்தை நம்பிச் செய்யும் இணைப்பு எவ்வளவு நன்றாயினும் மூலத் தகட்டின் முழு பலத்தை எட்டுவது அரிது. மேலும் சூட்டினால் உண்டான உள்ளிறுக்கம் அதில் தங்கிவிடுவதால், கடுங்காரம் பட்டால் பி.வி.டி.எஃப். முதலில் விரிசல் விடுவது இணைப்பை ஒட்டிய இடத்திலேதான்.

குழாய்களை முட்டுக்கு முட்டு இணைக்கும் பட் வெல்டிங் இதைவிட நம்பகமானது. யந்திரத்தில் இரண்டு குழாய்களையும் நேர்கோட்டில் பிடித்து, முனைகளைச் சமமாகச் சீவி, 240 டிகிரி வாக்கில் சூடேற்றிய தகட்டின் இரு முகங்களிலும் சாத்தி, போதிய ஆழத்துக்கு இளகியதும் தகட்டைச் சரேலென்று உருவிவிட்டு முனைகளை ஒன்றோடொன்று அழுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் அந்தச் சூட்டுத் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிடாதா என்று கேட்கலாம். ஒட்டாது, ஏனெனில் தகட்டின்மேல் பூசியிருப்பது டெஃப்லான்! உலகெங்கும் தண்ணீர்க் குழாய்களையும் வாயுக் குழாய்களையும் இணைக்கிற இவ்வகைச் சாதனங்களெல்லாம், தான் இணைய மறுக்கும் ஒரு பொருளின் தயவால் நடைபெறுகின்றன என்பது வேடிக்கைதான். ஆனால் இணைக்க வேண்டியது பி.எஃப்.ஏ. குழாயென்றால் இந்த உபாயம் பலிக்காது. அதை இளக்கத் தேவையான சூட்டில் தகட்டின் டெஃப்லான் பூச்சே தத்தளிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே தொடாமலே சூடேற்றும் முறை பிறந்தது. இரண்டு முனைகளுக்கு நடுவே, எதையும் தீண்டாதபடி ஒரு சூட்டுத் தகட்டை நிறுத்தினால், அதிலிருந்து வீசும் அகச்சிவப்புக் கதிர்களே முனைகளை இளக்கிவிடும். கம்ப்யூட்டரின் சில்லுகளைச் செய்யும் ஆலைகளில் இம்முறைக்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே சிலிக்கான் வில்லைகளைக் கழுவும் நீர், உப்பும் உலோகமும் கிருமியும் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்டு, மின்தடைத்திறன் 18.2 மெகா ஓம்-சென்டிமீட்டர் என்ற இயற்கையின் உச்சவரம்பை எட்டியது. அத்தனை தூய நீர் ஓடும் குழாயின் உட்புறத்தில், வெல்டிங்கின்போது பிதுங்கிய ஒரு வளையம் துருத்திக்கொண்டிருந்தால், அதன் பின்னே நீர் தேங்கி நுண்கிருமிகள் குடியேறும். அதையும் தவிர்க்க, குழாயினுள்ளே ஒரு ரப்பர்ப் பையை ஊதிப் புடைக்கச் செய்து, வெளியிலிருந்து கவ்வும் சூட்டு வளையத்தால் இரு முனைகளையும் உருக்குகிறார்கள். உள்ளே பை, வெளியே கவ்வி, நடுவில் உருகும் பிளாஸ்டிக்குக்குப் பிதுங்க இடமேயில்லை. குளிர்ந்தபின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் இணைப்பு எங்கேயென்று தெரியாது.

ஏனைய பிளாஸ்டிக்குகளில் பிரபலமான சில முறைகள் டெஃப்லானிடம் தோற்றுப்போகின்றன. ஒன்றையொன்று உராயவைத்து அந்த உராய்வின் சூட்டால் இணைப்பதென்றால், உராய்வே இல்லாத இடத்தில் சூடு எங்கிருந்து வரும்? செவிக்கெட்டா ஒலியால் அதிரவைத்தால், மென்மையான அதன் உடல் அதிர்ச்சியை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. ரெயின்கோட்டு, பை முதலியவற்றை ஒட்டுவதற்குக் கையாளும் உயர் அதிர்வெண் மின்சாரமோ, டெஃப்லானினூடே சூடு சிறிதும் உண்டாக்காமல் கடந்து போய்விடும். ரேடார் கம்பிகளில் அதை விரும்பி உபயோகிப்பதற்கு அந்தக் குணமே காரணம். கரைப்பானைத் தடவி இளக்கி ஒட்டலாமென்றால், சாதாரண உஷ்ணத்தில் அதைக் கரைக்கும் திரவம் கிடையாது.

டெஃப்லான் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது, குழாய் மராமத்துக்காரர் திருகுமரையில் சுற்றும் வெள்ளை டேப். அது ஒட்டுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒட்டவுமில்லை, பிணைக்கவுமில்லை. மரையின் இடுக்கில் நசுங்கி நிரம்பி நீருக்கு வழியை அடைக்கிறது, திருகு இலகுவாக ஏறவும் உதவுகிறது. இந்த டேப் சூளையில் சுடாதது. அதனால்தான் அவ்வளவு மிருதுவாக நசுங்குகிறது. சுடாத டேப்புக்கு வேறொரு மகிமையும் உண்டு. ஆகாய விமானங்களுக்கான மின்கம்பிகளின்மேல் அதைச் சுற்றுச் சுற்றாக ஒன்றன்மேலொன்று ஏறும்படி இறுக்கிச் சுற்றிப் பின்பு சூளையில் செலுத்தினால், சுற்றுகளுக்கிடையே எல்லைகள் கரைந்து ஒரே உறையாகிவிடுகின்றன. இறுகச் சுற்றியதும் சுட்டவுடன் சுருங்குவதும் வேண்டிய அழுத்தத்தைத் தந்துவிடுகின்றன. டெஃப்லானைப் பிள்ளைப் பருவத்திலேயே, அதாவது சுடுவதற்கு முன்பே இணைத்துவிடுவது, பின்னால் இணைப்பதைவிட எவ்வளவோ சுலபம்.

இனிப் பசையின் வழி. எஃகு, ரப்பர் முதலிய அந்நியப் பொருள்களோடு டெஃப்லானை இணைக்க வேண்டுமானால் தாயாதி உபாயம் உதவாது. மேற்பரப்பின் ஃப்ளோரினையே அகற்ற வேண்டும். அமிலங்களால் ஆகாத அக்காரியத்தைச் செய்ய வல்லது சோடியம். நாஃப்தலீனோடு சேர்த்துத் தக்க கரைப்பானில் கரைத்த சோடியக் கரைசலில் டெஃப்லானைச் சிறிது நேரம் முக்கினால், சோடியம் ஃப்ளோரினைப் பிடுங்கிக்கொண்டு, கரியும் ஆக்ஸிஜனும் செறிந்த ஒரு தோலை விட்டுச் செல்கிறது. அத்தோலின் தடிப்பு மைக்ரானில் ஒரு பங்கே. ஆயினும் வெள்ளை டெஃப்லான் பழுப்பாக மாறுவதைக் கண்ணால் காணலாம். அதன்மேல் எபாக்ஸிப் பசை தடவினால் இணைப்பு உறுதியாக நிற்கிறது. சோடியம் ஈரத்தைக் கண்டால் தீப்பற்றும் குணமுடையதாகையால், கண்ணுக்கும் கைக்கும் காப்பின்றி இதைச் செய்யலாகாது. பழுப்புத் தோலுக்குச் சூரிய ஒளியும் ஆகாது; வெளிச்சத்தில் போட்டுவைத்தால் அதன் ஒட்டும் சக்தி குன்றிவிடுமென்பதால், கறுப்பு உறையில் பொதிந்து இருட்டிலே வைக்கிறார்கள். மின்னேற்றிய வாயுவான பிளாஸ்மாவை வீசியும் மேற்பரப்பை மாற்றலாம்; அபாயம் குறைவுதான், ஆனால் டெஃப்லானைப் பொறுத்தமட்டில் சோடியத்துக்கு ஈடான பிடிப்பை அது தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

தோசைக்கல்லிலும் வாணலியிலும் டெஃப்லான் எப்படி நிற்கிறது என்ற கேள்வியும் இங்கே எழும். 1954இல் பிரான்ஸ் தேசத்து மார்க் கிரெகுவார் கண்ட முறையில் ரசாயனப் பிணைப்பே இல்லை. அலுமினியத்தை அமிலத்தால் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கி, டெஃப்லான் குழம்பைப் பூசிச் சுட்டால், அது குழிகளுக்குள் வேரூன்றிக்கொள்கிறது. ரசாயன ஆலைகளில் எஃகுக் குழாயினுள் டெஃப்லான் குழாயைச் செருகி, அதன் முனையைச் சூட்டில் விரித்து வெளிவிளிம்பின்மேல் மடித்துவிட்டால், இரண்டு குழாய்களின் மடிப்புகளும் போல்ட்டு இறுக்கத்தில் நசுங்கிக் கசிவின்றி அடைத்துக்கொள்கின்றன. வெல்டிங்கும் இல்லை, பசையும் இல்லை. பொறியாளர் ஒருவர் இப்படி யந்திர முறையில் இணைக்க இடமிருக்கையில் பசையை நாடுவாரானால், அவர் அனுபவம் போதாதவர் என்றே சொல்லுவேன்.

பசையின்மேல் நான் கொண்ட இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் உஷ்ணம். சூடேறினால் டெஃப்லான் எஃகைவிட ஏறக்குறைய பத்து மடங்கு நீள்கிறது. 5 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தொட்டி 100 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும். அதன் உட்புறத்து டெஃப்லான் தகடோ 60 மில்லிமீட்டர் நீள விரும்பும். இழுபறி முழுவதையும் பசையும் வெல்டிங் கோடுகளும் தாங்கியாக வேண்டும். இதோடு, 19 டிகிரியில் அதன் சங்கிலியின் முறுக்கு திடீரென்று மாறுகிறது. 13 கார்பன் அணுக்களில் முடிந்த அரைத்திருகு 15ஆகத் தளர்ந்து, பருமன் சுமார் 1 சதவிகிதம் பெருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் பட்டறை வைத்திருப்போருக்கு இது தலைவலியன்று. ஊட்டியில் அளவெடுத்துச் செய்த டெஃப்லான் உறுப்பைக் கீழே இறக்கிப் பொருத்துகிறவர் கவனிக்கத்தான் வேண்டும்.

தொட்டியின் உட்புறத்துத் தகடுகளை இணைத்து முடித்தபின் பரிசோதிக்கும் முறை அழகானது. டெஃப்லான் வகைகள் மின்சாரத்தைக் கடத்தாதவை, எஃகு கடத்துவது. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஏற்றிய ஒரு தூரிகையை இணைப்புக் கோட்டின்மேல் மெள்ள நகர்த்திச் சென்றால், ஊசிமுனைத் துளை ஒன்று இருந்தாலும் அவ்விடத்தில் பளிச்சென்று நீலப்பொறி பாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் துளையைக் காட்டுமே தவிர, பலவீனத்தைக் காட்டாது. சங்கிலிகள் போதிய ஆழம் ஊரவில்லையென்றால், பொறி பறக்காத இணைப்பும் ஒருநாள் பிரிந்துவரும். மாதிரித் துண்டைக் கிழித்துப் பார்ப்பதைத் தவிர அதற்கு உபாயமில்லை.

கடைசியாகப் புகையைப் பற்றி. ஃப்ளோரின் பிளாஸ்டிக் எதையும் மிதமிஞ்சிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, கார்பனைல் ஃப்ளோரைடு முதலிய விஷங்கள் எழும். இன்னும் சூடேறினால் எழும் பெர்ஃப்ளோரோஐசோபியூட்டிலீன், ரசாயன ஆயுதங்களைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிலேயே இடம்பெற்ற கொடிய வாயு. குறைந்த அளவில் சுவாசித்தாலும் சில மணி நேரம் கழித்துக் குளிரும் ஜுரமும் நெஞ்சடைப்பும் கண்டு, ஓரிரு நாளில் தணிகிற ஒரு நோய் உண்டென்று 1951லேயே லான்செட் வைத்தியப் பத்திரிகையில் ஹாரிஸ் என்பவர் விவரித்திருக்கிறார். ஃப்ளூ ஜுரம் என்று தொழிலாளி அதைத் தவறாக எண்ணிவிடுவார். அடுப்பில் வெறுமனே காயவிட்ட டெஃப்லான் வாணலியின் புகையால் வீட்டில் வளர்க்கும் கிளிகள் மாண்டதுண்டு. பட்டறையில் நேரும் விபத்து பெரும்பாலும் வெல்டிங்கால் வருவதன்று. விரலில் ஒட்டிய துளியளவு டெஃப்லான் தூள் பீடியின் நுனியில் படிந்து, 700 டிகிரிக்கு மேல் கனன்று, புகையோடு நெஞ்சுக்குள் போவதால் வருவது. ஆகையால் இத்தொழிலில் ஈடுபட்டிருப்போரும் அவர்களை வேலைக்கு வைத்திருப்போரும், புகையை இழுக்கும் விசிறி ஓடாமல் சூட்டுக் கருவியைக் கையில் எடுக்க வேண்டாம். பீடியும் சிகரெட்டும் பட்டறையின் வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும்.